மலையில் ஃப்ரிட்ஜ்: குளிரை நம்பிச் செய்யும் தவறுகள்

டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் உறைபனி விழும் நாட்களில்தான் ஊட்டி வீடுகளில் அந்தப் புகார் கிளம்பும்: ஃப்ரீசரில் வைத்த கறி இளகிக் கிடக்கிறது, ஐஸ் உருகுகிறது. வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்கும்போது ஃப்ரீசர் உருகுவதா? கேஸ் தீர்ந்திருக்கும் என்று முடிவு கட்டி மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். பல சமயம் கேஸ் அப்படியேதான் இருக்கும்.

காரணம் எளிது. ஃப்ரீசருக்குத் தனிக்கதவு உள்ள பல மாடல்களில், முக்கியமாகப் பழையவற்றில், கம்ப்ரசரை ஓடச் சொல்லும் உணர்வி கீழ் அறையில்தான் இருக்கிறது. சமையலறை ராத்திரியில் 7, 8 டிகிரிக்கு இறங்கிவிட்டால் கீழ் அறை சூடேறவே நேரமாகும். 'குளிர் போதும்' என்று கம்ப்ரசர் படுத்துவிடும். கீழ் அறைக்கு 4 டிகிரி போதும். ஃப்ரீசருக்கோ மைனஸ் 18 வேண்டும். கம்ப்ரசர் ஓடாத அத்தனை நேரமும் ஃப்ரீசர் சூடேறிக்கொண்டே இருக்கும்.

இதற்குப் பெரும்பாலோர் செய்யும் வைத்தியம் குமிழைக் கடைசி எண்வரை திருகிவிடுவது. அதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. பகலில் வெயில் ஏறிச் சமையலறை சூடானதும் கம்ப்ரசர் விடாமல் ஓடும், கீழே வைத்த கீரையும் தக்காளியும் உறைந்துபோகும், யூனிட்டும் ஏறும். சரி, என்னதான் செய்வது? வராந்தாவிலோ பின்கட்டு அறையிலோ ஃப்ரிட்ஜ் இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் கறி, மீனை அதிகம் சேர்த்து வைக்காதீர்கள். புதிதாக வாங்குபவர்கள் ஃப்ரிட்ஜின் விவர ஒட்டியில் தட்பவெப்ப வகுப்பைப் பார்க்க வேண்டும். 'டி' என்றால் அறை வெப்பம் 16 முதல் 43 டிகிரி வரை இருக்கும் இடத்துக்குச் செய்தது, 'எஸ்என்' என்றால் 10 முதல் 32 வரை. சமவெளியை மனதில் வைத்துச் செய்த ஃப்ரிட்ஜ் ஊட்டிச் சமையலறையில் பாதி வருஷம் தன் எல்லைக்கு வெளியேதான் ஓடுகிறது. கடைக்காரர் இதைத் தானாகச் சொல்லமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். ஃப்ரீசருக்குத் தனிக் கட்டுப்பாடு உள்ள மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது.

குமிழில் இருக்கும் எண் டிகிரி அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண் கூடக்கூடக் குளிர் கூடும், அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணீரில் சின்னத் தெர்மாமீட்டரைப் போட்டு ராத்திரி முழுக்க நடுத்தட்டில் வைத்துக் காலையில் பாருங்கள். 4 டிகிரியை ஒட்டி இருந்தால் குமிழைத் தொடவே வேண்டாம். 1, 2 என்று காட்டினால் வீணாகக் கரண்ட் போகிறது. ஏப்ரல், மே மாதத்தில் வைத்த எண்ணை அப்படியே ஜனவரிவரை விட்டுவிடாமல், பருவம் மாறும்போது ஒருமுறை இப்படிச் சரிபார்த்துவிட வேண்டும்.

'இந்தக் குளிருக்கு ஃப்ரிட்ஜே எதற்கு' என்று ஸ்விட்சை அணைத்துவிடுபவர்களும் உண்டு. ராத்திரிக் குளிரை வைத்து அப்படி முடிவெடுக்கக் கூடாது. ஜனவரியிலும் ஊட்டியில் பகல் வெப்பம் 20 டிகிரியைத் தொடும். பாலும் கறியும் கெட அது தாராளம். சீசன் முடிந்த காட்டேஜில் காலியாக ஓடும் ஃப்ரிட்ஜை அணைப்பது நியாயம்தான். ஆனால் துடைத்து உலர்த்தி, கதவைக் கொஞ்சம் திறந்தபடி நிறுத்தாவிட்டால் இந்த ஈரத்தில் சில நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும்.

அப்புறம், உள்ளே வைக்கவே தேவையில்லாதவை. உருளைக்கிழங்கைக் கடுங்குளிரில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி ருசி கெடும். கேரட், பீட்ரூட், நூக்கல், முட்டைகோஸ் எல்லாம் வீட்டின் இருட்டான மூலையில் கூடையிலேயே சில நாள் நன்றாக இருக்கும். மலை தரும் இலவசக் குளிர் அது. இட்லி மாவு இங்கே ஒரு ராத்திரியில் பொங்குவதே அபூர்வம். பனிக்காலத்தில் அதை அவசரமாக உள்ளே தள்ளி இடத்தை அடைக்க வேண்டாம்.

இடம் பார்த்து வைப்பதிலும் கவனம் வேண்டும். குளிருக்காக எல்லாவற்றையும் ஒரே அறைக்குள் நெருக்கி, விறகடுப்புக்கோ ரூம் ஹீட்டருக்கோ பக்கத்திலேயே ஃப்ரிட்ஜை நிறுத்திவிடுகிறோம். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் அந்தச் சூட்டை வெளியேற்றக் கூடுதல் கரண்ட். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்று கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது, சூட்டைச் சுமந்துபோகும் திறனும் அதற்கேற்பக் குறைவு. அதனால் பின்பக்கம் காற்று ஓடக் கையளவு இடைவெளி கட்டாயம் விடுங்கள்.

கதவு ரப்பரை மழைக்காலத்தில் பலரும் கவனிப்பதில்லை. மடிப்புகளில் கறுப்புப் பூஞ்சை படர்ந்தால் கதவு சரியாக ஒட்டாது. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் அழுக்கும் போகும், விறைத்த ரப்பரும் இளகும். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்; லேசாக வந்துவிட்டால் ரப்பரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜில் ஐஸ் அரை சென்டிமீட்டர் கனத்துக்குச் சேர்ந்தாலே அணைத்து உருகவிட வேண்டும். கத்தியால் குத்திப் பெயர்க்கவே கூடாது. உள்ளே ஓடும் மெல்லிய குழாய் ஓட்டையாகிவிடும். இப்போது வரும் பல ஃப்ரிட்ஜ்களில் அந்தக் குழாய்க்குள் ஓடும் கேஸ் தீப்பற்றும் ஐசோபியூட்டேன்.

கரண்ட் பில்லை மொத்தமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒட்டியில் வருஷத்துக்கு 200 யூனிட் என்று போட்ட ஃப்ரிட்ஜ் இரண்டு மாத ரீடிங்கில் சுமார் 33 யூனிட் எடுக்கும். 2,000 வாட் கீசர் தினமும் அரை மணி நேரம் சூடாக்கினால் அதே இரண்டு மாதத்தில் 60 யூனிட். முதல் 100 யூனிட் இலவசத்தில் பெரும்பகுதி இந்த இரண்டிலேயே போய்விடும். அதனால் ஃப்ரிட்ஜைச் சரிசெய்கிற அன்றைக்கே கீசரின் தெர்மோஸ்டாட்டையும் ஒரு படி இறக்கிவிடுங்கள்.