போர்க்கப்பல் கணினிக்குப் பாதுகாப்பு அங்கீகாரம்: முதல் பாடம்

பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பார்த்தே வளர்ந்து, இப்போது கணினிப் பாதுகாப்பு படிக்கும் பினாங்குப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். ஒரு கணினியில் என்ன ஆபத்து இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதைப் பயன்படுத்த மேலதிகாரி ஒருவர் பொறுப்பேற்று அனுமதிப்பதே பாதுகாப்பு அங்கீகாரம். அமெரிக்கக் கடற்படை பின்பற்றும் முறையை எடுத்துக்கொள்வோம். அதற்கு அடிப்படையான, அமெரிக்க அரசின் தர நிறுவனமான என்ஐஎஸ்டி (NIST) வெளியிட்ட 800-37 ஆவணம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

1. எல்லையை வரையுங்கள்

எந்தெந்தக் கணினிகள் இந்த அங்கீகாரத்துக்குள் வருகின்றன என்பதே எல்லை. பாதி வேலை இதுதான், அவசரப்படாதீர்கள். எந்தக் கணினி எதோடு பேசுகிறது, எந்த கேபிள் எங்கே போகிறது, யார் யார் பென்டிரைவ் செருகுகிறார்கள் என்று எல்லாவற்றையும் படமாக வரைந்து எழுதுங்கள். 1997-இல் யுஎஸ்எஸ் யார்க்டவுன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் ஒருவர் தரவுத்தளத்தில் பூஜ்யம் என்று பதிந்தார். பூஜ்யத்தால் வகுக்கப் போய் மென்பொருள் விழுந்தது, கப்பலின் உந்துவிசையும் நின்றுபோனது. யாரும் தாக்கவில்லை. தரவு பதியும் இடமும் எஞ்சின் கட்டுப்பாடும் ஒரே வலையமைப்பில் இருந்தன, அவ்வளவுதான்.

பழகிப் பார்க்க, தெரிந்தவர்களின் சின்ன அலுவலகம் போதும். முதலாளியிடம் கேட்டுவிட்டு அங்குள்ள கணினிகளை வரைந்து பாருங்கள்.

2. பாதிப்பை எடைபோடுங்கள்

ரகசியம் வெளியானால், தகவல் மாறிப்போனால், கணினி நின்றுபோனால் என்று மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று விடை எழுதுங்கள்.

3. கட்டுப்பாடுகளைப் போடுங்கள்

கட்டுப்பாடு என்றால் ஆபத்தைக் குறைக்கும் ஏற்பாடு. ஓர் உதாரணம்: மின்னணுக் கடல் வரைபடத்துக்கு வாரந்தோறும் திருத்தங்கள் வரும். பல கப்பல்களில் அவை பென்டிரைவ் வழியாகத்தான் ஏறுகின்றன. அதை முதலில் தனிக் கணினியில் வைரஸ் சோதனை செய்த பிறகே கப்பலைச் செலுத்தும் மேடைக்கு எடுத்துப்போக வேண்டும். கடவுச்சொல், பதிவேடு எல்லாம் அப்புறம்.

4. வேறொருவர் சோதிக்கட்டும்

அமைத்தவரே சோதித்தால் அது சோதனை ஆகாது.

5. கையெழுத்து

பாதுகாப்பு ஓட்டையே இல்லாத கப்பல் கணினி கிடையாது. நடுக்கடலில் செயற்கைக்கோள் இணைப்பு மெதுவானது. பெரிய மென்பொருள் திருத்தம் துறைமுகம் வரும்வரை காத்திருக்கும். அதுவரை மிஞ்சும் ஆபத்தையும், யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்பதையும் எழுதி மேலதிகாரியிடம் வைக்க வேண்டும். அவர் படித்து, 'இந்த ஆபத்தை நான் ஏற்கிறேன்' என்று பொறுப்பேற்றுக் கையெழுத்திடுவதே அங்கீகாரம். அதனால் ஓட்டைகளை மறைத்து எழுதாதீர்கள். அவர் எதற்குப் பொறுப்பேற்கிறார் என்பது அவருக்கே தெரியாமல் போய்விடும்.

6. கண்காணியுங்கள்

பழுதுபார்ப்பில் புதிய ரேடார் பொருத்தினார்களா? சரி, முதலில் வரைந்த எல்லைப் படத்தைத் திருத்தி, அந்தப் பகுதியை மறுபடி சோதித்து, மாற்றத்தை அதே அதிகாரியிடம் கொண்டுபோங்கள்.