பழைய கார்களில் இணையப் பந்தயம்: ஆயத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சிம் ரேசிங்கில் (கணினியில் ஓட்டும் இணையக் கார்ப் பந்தயத்தில்) ஈடுபடும் நம் இளைஞர்களில் பெரும்பாலோர் ஜிடி3 என்ற இன்றைய பந்தய வகைக் கார்களில் கை பழகியவர்கள். பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல், விரல் நுனியில் கியர் மாற்றும் பேடில் ஆகியவற்றுக்குப் பழகிய அதே கைகளோடு, 1967ஆம் ஆண்டின் லோட்டஸ் 49 போன்ற ஒரு பழைய ஃபார்முலா 1 காருக்கான லீக்கில் (தொடர் போட்டியில்) பெயர் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் இரண்டு இரவுகள் பயிற்சி செய்தால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். இவர்களுக்கு வேகம் குறைவு என்று சொல்ல முடியாது. பந்தயத்துக்கு ஆயத்தமாவதற்குப் பதிலாக ஒரே ஒரு வேகமான சுற்றுக்கு ஆயத்தமாகி வருவதுதான் சிக்கல்.

எரிபொருளையே எடுத்துக்கொள்வோம். தனியாகப் பயிற்சி செய்பவர், நேரம் குறைய வேண்டும் என்பதற்காக டேங்கில் பத்துப் பதினைந்து லிட்டர் மட்டும் வைத்து ஓட்டுகிறார். ஃபார்முலா 1 போட்டிகளில் 1966இல் நடைமுறைக்கு வந்த 3 லிட்டர் விதியின்படி காரின் குறைந்தபட்ச எடை 500 கிலோ. நூறு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 75 கிலோ என்பதால், அது மட்டுமே காரின் எடையில் நூற்றுக்குப் பதினைந்து ஆகிவிடுகிறது. ஏறத்தாழ 1,300 கிலோ எடையுள்ள ஜிடி3 காரில் அதே அளவு பெட்ரோல் நூற்றுக்கு ஆறுகூட வராது. ஆகவே, காலி டேங்கோடு மனப்பாடம் செய்த பிரேக் புள்ளிகள் அனைத்தும் பந்தயத்தின் முதல் வளைவிலேயே பொய்யாகிவிடும். பந்தயம் முழுவதற்கும் தேவையான பெட்ரோலை நிரப்பி, குளிர்ந்த டயரோடு நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, இடையில் ரீசெட் செய்யாமல் இறுதிவரை ஒரு முறையாவது ஓட்டிப் பார்ப்பது, ஐம்பது வேகச் சுற்றுகளைவிட அதிகம் கற்றுத்தரும்.

முதல் சுற்று மோதல்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஃபார்முலா 1 கார்களில் இறக்கைகள் 1968இல்தான் வந்தன. அதற்கு முந்தைய கார்களில் காற்றழுத்தம் காரைத் தரையோடு அழுத்திப் பிடிப்பதில்லை என்பதால், முன்னால் செல்லும் காரை வளைவில் நெருங்கிப் பின்தொடர்ந்தாலும் பிடிமானம் பெரிதாகக் குறையாது. அந்தத் துணிச்சலில் நேர்சாலையிலும் ஸ்லிப்ஸ்ட்ரீமில், அதாவது முன் காரின் காற்று நிழலில், ஒட்டிக்கொண்டே போகிறார்கள். ஆனால் முன் காரின் நிழலில் இருக்கும்வரை, காரைத் தடுத்து மெதுவாக்கும் காற்று குறைவு. வேகமோ வழக்கத்தைவிட அதிகம். தனியாக ஓட்டியபோது பிரேக் பிடித்த அதே தூரப் பலகைக்கு அருகில் பிரேக் பிடித்தால், முன்னால் இருப்பவரின் பின்பக்கத்தில் போய் முட்டத்தான் வேண்டும். ரிப்ளேயில் பார்க்கும்போது முன்னவர் சீக்கிரம் பிரேக் பிடித்துவிட்டார் என்று பின்னவர் வாதிடுவார். பெரும்பாலும் முன்னவர் சரியான இடத்தில்தான் பிடித்திருப்பார். ஆகவே, நண்பர் ஒருவரையாவது அழைத்து, ஒருவர் பின் ஒருவராகச் சில சுற்றுகள் ஓட்டிப் பழகுவது நல்லது. ஸ்லிப்ஸ்ட்ரீமில் எஞ்சின் சுழற்சி சிவப்புக் கோட்டைத் தாண்டுகிறதா என்பதும் அப்போதுதான் தெரியவரும். தாண்டினால் கடைசி கியரின் விகிதத்தைச் சற்று நீளமாக்கிக்கொள்ளலாம்.

டயர் பற்றியும் ஒரு சொல். அக்காலத்துக் குறுக்கிழை டயர்கள் இன்றைய டயர்களைப் போல் சட்டென்று பிடிமானத்தை இழப்பதில்லை. சற்றே சறுக்கியபடி போகும்போதுதான் முழுப் பலனையும் தருகின்றன. சறுக்கல் தொடங்கியவுடன் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுப்பதுதான் ஸ்பின்னுக்கு (கார் சுழன்றுபோவதற்கு) வழி. எடை முன்னுக்குப் பாய்ந்து, எஞ்சின் பின்சக்கரங்களைப் பிடித்து இழுக்க, காரின் வால் முந்திக்கொண்டு வந்துவிடும். பிரேக்கின் பங்கை முன்சக்கரங்களுக்குக் கூட்டி வைப்பது தொடக்கக்காரர்களுக்குப் பாதுகாப்பானது.

கியர் விஷயத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். முதலில், லீக் விதியைப் படிக்க வேண்டும். சில லீக்குகள் எச் வடிவக் கியர் ஷிஃப்டரும் கிளட்சும் கட்டாயம் என்கின்றன. சில பேடிலை அனுமதிக்கின்றன. கியர் இறக்கும்போது எஞ்சின் சுழற்சியைத் தானே உயர்த்தும் தானியங்கி பிளிப் உதவி கூடுமா கூடாதா என்பதும் லீக்குக்கு லீக் மாறும். இதைப் பந்தய இரவில் தெரிந்துகொள்பவர்கள் உண்டு. அடுத்தது, ஷிஃப்டர் பொருத்தப்பட்டிருக்கும் இடம். சாப்பாட்டு மேசையின் விளிம்பில் திருகி வைத்த ஷிஃப்டர், நான்காவதிலிருந்து மூன்றாவதுக்கு வேகமாகத் தள்ளும்போது சில மில்லிமீட்டர் நகரும். பத்துச் சுற்றுகளில் அந்த நகர்வு சேர்ந்துகொண்டே வந்து, கை பழகிய இடத்தில் மூன்றாவது கியர் இருக்காது. முதல் கியருக்குள் போய்விழும். கார் சேதமடையும்படி அமைத்திருக்கும் லீக்கில் எஞ்சின் அந்த நொடியே போய்விடும். மேசைக்கும் பிடிக்கும் இடையில் ஒரு ரப்பர் துண்டை வைத்து இறுக்கினால் இது தீர்ந்துவிடுகிறது. கிளட்ச் பெடலும் முழுமையாக அழுத்தியதாகப் பதிவாகிறதா என்று அளவுத்திருத்தத் திரையில் பார்த்துக்கொள்ள வேண்டும். பெடல் முழுதும் இறங்குமுன்பே முழு அழுத்தமாகப் பதிவாகும்படி அடியில் சிறிது செயலற்ற பகுதி வைத்தால், கால் களைத்த பிறகும் கியர் விழும். குதிகாலும் நுனிக்காலுமாக பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிக்கும் பழக்கம் ஒரு வாரத்தில் வராது என்பதால், அதை முடிவுசெய்து தொடங்குவதற்குப் பந்தய வாரம் ஏற்ற நேரமில்லை.

பாதையைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது கேலிக்குரியதாகத் தோன்றினாலும் அடிக்கடி நடக்கிறது. ஒரே பெயரில் பல வடிவங்கள் உள்ளன. இத்தாலியின் மோன்சாவில் வேகத்தைக் குறைக்கும் சிக்கேன்கள் 1972இல்தான் போடப்பட்டன. 1967க்கான லீக்கில் அவை இருக்காது. பெல்ஜியத்தின் பழைய ஸ்பா 14 கிலோமீட்டர். இன்றைய ஸ்பா ஏறக்குறைய 7. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்று என்றால் நிலைமை இன்னும் கடினம். 1967இல் பந்தய வீரர் ஜிம் கிளார்க் லோட்டஸ் 49இல் அங்கே முதலிடத்தைப் பெற்ற தகுதிச் சுற்றுக்கே 8 நிமிடம் 4.1 விநாடி ஆயிற்று. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஏழு சுற்றுகள்தான் கிடைக்கும். அதனால் முழுச் சுற்றையும் திரும்பத் திரும்ப ஓட்டுவதைவிட, மூன்று நான்கு துண்டுகளாகப் பிரித்து, ஒரு மாலை ஒரு துண்டு என்று பழகுவதே பயன் தரும்.

பிறர் செட்டப்பை (காரின் அமைப்புக் கோப்பை) இறக்கி அப்படியே போடுவது பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அது அவருடைய கால்களுக்கும் அவருடைய பெட்ரோல் அளவுக்கும் செய்யப்பட்டது. பெரும்பாலும் தகுதிச் சுற்றுக்கானது.

இனி மலேசியாவில் இருப்பவர்களுக்கே உரிய சிக்கல்கள். பழைய கார் லீக்குகள் பல ஐரோப்பாவின் இரவு நேரத்தில் நடப்பவை. மத்திய ஐரோப்பாவில் இரவு 8 மணி என்றால், கோடைக்காலத்தில் நமக்கு அதிகாலை 2 மணி. குளிர்காலத்தில் 3 மணி. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. லீக் பருவத்தின் நடுவே ஒரு மணி நேரம் இப்படித் தவறிப்போனால், சர்வருக்குள் நுழையும்போது பந்தயம் முடியும் நிலையில் இருக்கும், அல்லது ஆளே இருக்காது. ஞாயிறு இரவுப் பந்தயம் நமக்குத் திங்கட்கிழமை என்பதையும் நாட்காட்டியில் குறிக்க வேண்டும். தைப்பூசம் போன்ற நாட்களில், பத்துமலைக்குப் போய்த் திரும்பிய களைப்போடு 3 மணிக்கு எழுந்து ஓட்ட முடியுமா என்பதை லீக்கில் சேரும் முன்பே வீட்டாரோடு பேசிவிடுவது உத்தமம். அடுக்குமாடி வீட்டில் அந்நேரத்தில் பிரேக் பெடலை உதைத்தால் கீழ்வீட்டுக் கூரைக்குக் கேட்கும். பெடலுக்கு அடியில் தடித்த பாய் போடுவது நல்லது.

கோலாலம்பூரிலிருந்து ஐரோப்பிய சர்வருக்கு பிங் (தகவல் போய்வரும் நேரம்) 150 மில்லிவிநாடிக்கு மேல்தான் இருக்கும். இதைக் குறைக்க வழியில்லை. நிலையாக வைத்திருக்கத்தான் வழியுண்டு. வைஃபையில் ஓட்டுபவரின் கார் மற்றவர் திரையில் துள்ளித் துள்ளிப் போகும். தொடாமலேயே தட்டிவிட்டதாகப் பதிவாகும். கேபிள் வழியாக இணைப்பதும், பக்கவாட்டில் செல்லும்போது சாதாரணமாக விடுவதைவிட அரைக் கார் இடைவெளி கூடுதலாக விடுவதும் வேண்டும். சிங்கப்பூர் சர்வரில் மாலையில் நடக்கும் உள்வட்டாரப் பந்தயங்களில் பிங் தொல்லை இல்லை. அங்கே இடிதான் பகைவன். மாலை மழையில் மின்சாரம் ஒரு நொடி துண்டித்தாலும் பந்தயம் போய்விடும் என்று யுபிஎஸ் (மின்தடையின்போது மின்சாரம் தரும் கருவி) வாங்கி, அதில் கணினியை மட்டும் இணைத்துவிட்டு ரவுட்டரைச் சுவரிலேயே விட்டுவைப்பவர்களைப் பார்க்கிறோம். கணினி உயிரோடிருக்கும், கார் சர்வரில் இருக்காது.

மோட் கோப்புகளை (பிறர் உருவாக்கிய கூடுதல் கார், பாதைக் கோப்புகளை)க் கடைசி நேரத்தில் இறக்குவதும் வேண்டாத வேலை. அசெட்டோ கோர்சா போன்ற சிம்களில் காரின் அல்லது பாதையின் கோப்பு சர்வரில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் உள்ளே விடாது. லீக் கொடுத்த அதே பதிப்பை நான்கைந்து நாட்களுக்கு முன்பே போட்டு, பயிற்சி சர்வரில் ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டு, அதன்பின் பந்தயம் முடியும்வரை விண்டோஸ் அப்டேட் உட்பட எதையும் தொடாமல் இருப்பதே சரி.

விதிமுறைகளைப் படிப்பதில், தண்டனைப் பட்டியலைவிட முக்கியமானது ஸ்பின் ஆனபின் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி. பழைய காரில் எல்லோரும் ஒருமுறையேனும் ஸ்பின் ஆவார்கள்; அதைத் தொடர்ந்து பதறிப்போய்ப் பாதையின் குறுக்கே காரைத் திருப்புவதால்தான் நான்கைந்து பேரின் பந்தயம் கெடுகிறது. கார் சுழலத் தொடங்கியதும் பிரேக்கைப் பிடித்து, எங்கே நிற்கும் என்று பின்னால் வருபவர்கள் கணிக்கும்படி விட வேண்டும். கூட்டம் கடந்துபோன பிறகே புறப்பட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது கிளட்சையும் சேர்த்து மிதிக்காவிட்டால் எஞ்சின் அணைந்துவிடும் என்பதால், எஞ்சினை மீண்டும் கிளப்பும் பொத்தானை ஸ்டீயரிங்கில் முன்கூட்டியே ஒதுக்கி, இருட்டிலும் விரல் போய்ச் சேரும்படி பழகி வைத்திருக்க வேண்டும்.