குளோரோஃபார்மைக் கைவிட்டதும் தீர்ந்த தொல்லை, பிறகு வந்த 338.34

இரத்தப் பிளாஸ்மாவிலிருந்து லிப்பிட் (கொழுப்பு வகை மூலக்கூறுகள்) பிரிக்க எங்களுக்குக் கைப்பழக்கம் 1959-இன் பிளை–டையர் முறைதான். அதில் லிப்பிட் கரைந்த குளோரோஃபார்ம் அடியில் நிற்கும், நடுவே புரதத் தட்டு. பிப்பெட் முனை அந்தத் தட்டைத் துளைத்துத்தான் இறங்க வேண்டும். துணுக்கு ஏறினால், மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் கருவியான நிறை நிறமாலைமானியின் குழாய் அடைக்கும். ஒரே மாதிரிக்கு மூன்று ஓட்டத்தில் மூன்று எண் வரும்.

2008-இல் மாத்யாஷ் குழு வெளியிட்ட மெத்தில் டெர்ட்-பியூட்டைல் ஈதர் முறைக்கு மாறியதும் இது நின்றது. 200 மைக்ரோலிட்டர் மாதிரியில் 1.5 மில்லி மெத்தனால் விட்டுக் குலுக்கவும். அளவீட்டுக்கான அக நியமம் (ஒப்பிட, தெரிந்த அளவில் சேர்க்கும் பொருள்) இந்த மெத்தனாலிலேயே இருக்கட்டும். கடைசியில் சேர்த்தால் பிரிக்கும்போது போன இழப்பு கணக்கில் வராது. 5 மில்லி ஈதர் விட்டு அறை வெப்பத்தில் 1 மணி நேரம் ஆட்டல். 1.25 மில்லி நீர், 10 நிமிடம் பொறுத்து, மையவிலக்கியில் 1000 ஜி-யில் (புவியீர்ப்பின் 1000 மடங்கில்) 10 நிமிடம் சுழற்சி. இப்போது லிப்பிட் மேலே, புரதம் அடியில். கடைசிச் சொட்டுவரை உறிஞ்சும் பேராசை வேண்டாம். நீரடுக்கின் உப்பும் கூடவே வரும்.

அதன்பின் பிளாஸ்மாவே இல்லாத வெற்று மாதிரியிலும் நிறை–மின்னூட்ட விகிதம் (m/z) 338.34-இல் பெரிய உச்சி. அது லிப்பிட் அல்ல, எருக்கமைடு. பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் சேர்க்கும் வழுக்குப் பொருளை ஈதர் கரைத்துக் கொண்டுவருகிறது. கண்ணாடிக் குழாய், டெஃப்ளான் உள்வைத்த மூடி, கண்ணாடிப் பாஸ்டர் பிப்பெட். மூன்றுக்கும் மாறுங்கள், குழாயை மட்டும் மாற்றினால் உச்சி குறையுமே தவிரப் போகாது.

உலர்த்த நைட்ரஜன் ஓட்டம் போதும். ஈதர் சட்டென்று தீப்பற்றும், அதனால் ஆவியை வெளியேற்றும் புகைப்பெட்டிக்குள் மட்டுமே வேலை செய்யுங்கள்.