நாலடிச் சுவருக்கு ஒரு ஃப்ராக்டல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்கூடத்துக்காக, கணினியில் வரைந்த ஒரு மாண்டல்பிராட் சுருளை (உள்ளே போகப்போக அதே மாதிரி வடிவங்கள் திரும்பத் திரும்ப வரும் ஃப்ராக்டல் என்ற கணித உருவங்களில் ஒன்று) 48 அங்குல அகலம், 27 அங்குல உயரத்தில் கேன்வாசில் அச்சடித்தேன். திரையில் மின்னிய படம் சுவரில் மங்கிப்போய், சுருளின் ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி தெரிந்தது. மனசே ஆறவில்லை.

கணக்குப் போட்டால் காரணம் புரிந்தது. திரைக்காக வரைந்த படத்தின் அகலம் 1920 பிக்சல்; அதை 48 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 40தான். போட்டோ என்றால் அதோடு முடிந்தது. ஃப்ராக்டல் அப்படியில்லை, அது சூத்திரம்; எந்த அளவிலும் புதிதாக வரையலாம். நல்லவேளை, படத்தை வரைந்த எண்களும் நிறங்களும் இருக்கும் அமைப்புக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தேன். அங்குலத்துக்கு 150 வருமாறு 7200 × 4050 பிக்சலில் மறுபடி ஓடவிட்டேன். ராத்திரி முழுக்க ஓடியது.

அப்புறம் நிறம். திரையின் பளீர் நீலமும் ஊதாவும் மையில் அப்படியே வராது. அச்சுக்கடை அண்ணனிடம் முதலில் ஒரு சாண் துண்டு மட்டும் அடித்துத் தரச் சொன்னேன். நீலத்தைக் குறைத்த இரண்டாவது துண்டுதான் சரி.

படத்தையும் மாற்றினேன். எங்கும் நுணுக்கம் நிறைந்தது தூரத்தில் வெறும் இரைச்சலாகிவிடுகிறது. இப்போது ஒரே பெரிய சுருள், சுற்றிலும் இருட்டு. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு (பாலெடுக்கச் சீவிவிட்டு) வரும் அம்மா, கிட்டே போய் உள்ளே இருக்கும் குட்டிச் சுருள்களைத் தேடுகிறார்.