கைனேஸ் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைனேஸ் என்பது ஏடிபியிலிருந்து (ATP) பாஸ்பேட்டை எடுத்து வேறொரு மூலக்கூறின் மேல் ஏற்றும் நொதி; அதை ஒரு மருந்து எவ்வளவு முடக்குகிறது என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. ரீகாம்பினன்ட் (மரபணுவை வேறு செல்லில் வைத்துத் தயாரித்த) மனித கைனேஸ் வரும் டியூப்பில் ‘10 மைக்ரோகிராம்’ என்று போட்டிருக்கும். அது புரதத்தின் எடைதான். அதில் எவ்வளவு வேலை செய்யும் நிலையில் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதி) செயல்திறன் மாறும். பழைய லாட்டுக்குப் பொருந்திய நானோகிராம் கணக்கையே புது லாட்டுக்கும் போட்டால், முந்தைய மருந்து அளவு-விளைவு வளைகோட்டோடு ஒப்பிடவே முடியாது.

வாங்கும்போதே ஒரு சறுக்கல் உண்டு. ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்த இஆர்கே2 என்ற கைனேஸ், எம்இகே1 என்ற இன்னொரு கைனேஸ் பாஸ்பேட் ஏற்றாத வரை ஏறக்குறைய தூங்கிக்கொண்டுதான் இருக்கும். சிடிகே2 கைனேஸுக்கு சைக்ளின் ஏ அல்லது ஈ என்ற துணைப் புரதம் கூட இருக்க வேண்டும். தகவல் தாளில் ‘ஆக்டிவ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். எம்இகே1-க்கு சப்ஸ்ட்ரேட்டாக (பாஸ்பேட் ஏற்கும் பொருளாக) வேண்டுமென்றால் மட்டும் ஆக்டிவ் அல்லாத இஆர்கே2 போதும்.

முதல் முறை ஐஸில் உருக்கியதுமே சிறு பங்குகளாகப் பிரித்து, உடனடியாக உறையவைத்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் செயல்திறன் சரியும். வோர்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கும் கருவி) வேண்டாம், கிளிசரால் அடியில் தங்கும் என்பதால் விரலால் தட்டிக் கலந்து, சென்ட்ரிஃபியூஜில் சிறிது சுழற்றினால் போதும். நீர்க்கச் செய்த கைனேஸ் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பஃபரில் 0.01% டிரைட்டான் (டிடர்ஜென்ட்) அல்லது மில்லிக்கு 0.1 மில்லிகிராம் பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின் புரதம்) இருக்கட்டும். ஆக்சிஜனேற்றத்திலிருந்து நொதியைக் காக்கும் டிடிடி 1 மில்லிமோலார், அன்றன்றைக்குச் சேர்ப்பது.

பல ஐசி50 மதிப்புகள் (கைனேஸின் வேலையைப் பாதியாக்கும் மருந்துச் செறிவு) கெடுவது அடுத்த படியில். கைனேஸை இருமடங்கு நீர்ப்பு வரிசையில் வைத்து, 5, 10, 20, 40 நிமிடங்களில் அளந்து பாருங்கள். 10 மைக்ரோமோலார் ஏடிபி போட்டால், 1 மைக்ரோமோலார் டைபாஸ்பேட் (ADP) உருவாவதற்குள், அதாவது 10% மாற்றத்துக்குள், நிறுத்தும் அளவே சரி. சிக்னல் பெரிதாக வேண்டும் என்று ஆசைப்பட்டு 70% வரை ஓடவிட்டால், மருந்து பாதி கைனேஸை முடக்கினாலும் மீதிப் பாதி நேரமெடுத்து ஏடிபியைத் தின்றுவிடும். மருந்து உள்ளதைவிடப் பலவீனமாகத் தெரியும்.

ஏடிபி அளவும் அதே வேலையைச் செய்யும். ஏடிபியோடு போட்டியிடும் மருந்தின் ஐசி50, மருந்து கைனேஸோடு ஒட்டும் வலுவைச் சொல்லும் கேஐ-யைப் போல (1 + ஏடிபி ÷ கேஎம்) மடங்கு; கேஎம் என்பது கைனேஸ் தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டும் ஏடிபி அளவு. கேஎம் 10 மைக்ரோமோலார் என்றால், 10 மைக்ரோமோலார் ஏடிபியில் 2 மடங்கு; 1 மில்லிமோலாரில் 101 மடங்கு. ஏடிபி அளவைச் சொல்லாத ஐசி50-ஐ வேறு ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிடுவது வீண். கைனேஸ் 20 நானோமோலார் இருந்தால் 10 நானோமோலாருக்குக் கீழே ஐசி50 தெரியாது. மருந்து எவ்வளவு வலுவானதானாலும் சரி.

மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ, தட்டின் எல்லாக் குழிகளிலும், கட்டுப்பாட்டுக் குழிகளிலும், ஒரே அளவு. 1%-க்கு மேல் வேண்டாம். வினையை நிறுத்த மெக்னீசியத்தைப் பிடித்துவைக்கும் இடிடிஏ போடுவது வழக்கம்தான், ஆனால் லூசிஃபெரேஸ் (ஏடிபியைக் கொண்டு ஒளி தரும் நொதி) ஒளியை அளக்கும் முறையில் அது ஆகாது: லூசிஃபெரேசுக்கும் மெக்னீசியம் வேண்டும்.

கைனேஸ் இல்லாத குழி, சப்ஸ்ட்ரேட் இல்லாத குழி இரண்டையும் வைக்காமல் தொடங்காதீர்கள். ஏடிபியிலிருந்து உருவாகும் டைபாஸ்பேட்டை அளக்கும் முறையில், கலப்படமாக வந்த, ஏடிபியை உடைக்கும் ஏடிபியேஸ் நொதியும் சிக்னல் தரும். உங்கள் கைனேஸ் ஸ்டாரோஸ்போரினுக்கு (பல கைனேஸ்களை முடக்கும் பொருள்) அடங்குவது என்றால், அதை நிறையப் போட்டும் குறையாத சிக்னல் பெரும்பாலும் அந்தக் கலப்படத்தின் கைவரிசை.