ஒரு வெள்ளி நோட்டில் 'இசட்' தேடுவது எப்படி?

மலேசியாவில், பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையின் கல்லா என் பொறுப்பு. இரவு கணக்கு முடிக்கும்போது நோட்டை எண்ணிக்கொண்டே அதன் வரிசை எண்ணையும் ஒரு பார்வை பார்த்துவிடுவேன். என்னிடம் இருக்கும் மாற்று நோட்டுகள் எல்லாம் அப்படிக் கிடைத்தவைதான். ஒன்றுக்கும் முகமதிப்புக்கு மேல் காசு கொடுத்ததில்லை.

அதென்ன மாற்று நோட்டு? அச்சடித்த தாள்களைச் சோதிக்கும்போது மை பரவியிருந்தாலோ வெட்டு கோணியிருந்தாலோ அந்தத் தாளைக் கழித்துவிடுவார்கள். ஆனால் ஒரு நோட்டுக் கட்டில் 100 தாள் இருந்தாக வேண்டும். கழித்த அதே எண்ணைத் திரும்ப அச்சடிப்பது பெரிய வேலை. அதனால் இதற்கென்றே தனி வரிசையில் அடித்து வைத்த தாளை அந்த இடத்தில் செருகிவிடுவார்கள். இந்திய ரூபாயில் இதற்கு நட்சத்திரக் குறி உண்டு. நம் வெள்ளியில், அதாவது மலேசிய ரிங்கிட்டில், எழுத்துதான் அடையாளம்.

படி 1: முதல் எழுத்தைப் பாருங்கள்

2012இல் வெளிவந்து இப்போது புழங்கும் வரிசையில், இரண்டு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். முதல் எழுத்து இசட் (Z) என்றால் மாற்று நோட்டு: இசட்ஏ, இசட்பி என்று வரும். இரண்டாவது எழுத்து இசட் ஆக இருந்தால் அது சாதாரண நோட்டுதான். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். என் தம்பி ஒருநாள் "அண்ணே, மாட்டிக்கிச்சு!" என்று ஐந்து வெள்ளியோடு ஓடி வந்தான். பார்த்தால் 'ஏஇசட்'. அந்தக் காசுக்கு இருவரும் தே தாரிக் குடித்தோம்.

1967, 1982 காலத்து வரிசைகளுக்கு அடையாளம் வேறு. அவை கல்லாவுக்கு வருவதும் அபூர்வம், இப்போதைக்கு விட்டுவிடலாம்.

படி 2: தேடும் இடம்

சில்லறையாக அதிகம் கைமாறும் ஒரு வெள்ளியிலும் ஐந்து வெள்ளியிலும் தொடங்குங்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் நெருங்கும்போது வங்கிகளில் புது நோட்டு மாற்றித் தருவார்கள். முடிந்தால் பிரிக்காத கட்டாகக் கேளுங்கள். ஒருமுறை நான் ஒரு கட்டை விசிறிப் பார்த்தேன். கடைசி மூன்று இலக்கம் 417, 418 என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த தாளில் இசட். அதற்கடுத்து 420. அந்த 419க்கு என்ன ஆயிற்றோ! கட்டில் இப்படிக் கிடைத்தால் முன்னும் பின்னும் உள்ள தாளையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருப்பதைவிட அது அழகு.

படி 3: கையெழுத்து

நோட்டில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஆளுநர் கையெழுத்து இருக்கும். ஸெத்தி அக்தார் அஸிஸ் (2000 முதல் 2016 வரை), பிறகு முஹம்மட் இப்ராஹிம், 2018 முதல் 2023 வரை நோர் ஷம்சியா. கையெழுத்து வாரியாகப் பிரித்து வையுங்கள்.

படி 4: பத்திரப்படுத்துவது

நான் கெட்டது இதில்தான். மடிப்பே இல்லாத பத்து வெள்ளி இசட் நோட்டு ஒன்றை மலிவான போட்டோ ஆல்பத்தில் செருகி வைத்தேன். ஒரு வருடத்தில் பிளாஸ்டிக் பிசுபிசுத்துத் தாளோடு ஒட்டிக்கொண்டது. பிவிசி உறை வேண்டவே வேண்டாம்; பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலர் உறை என்று கேட்டு வாங்குங்கள். கழுவாதீர்கள், ரப்பர் வளையம் போடாதீர்கள். ஒரு வெள்ளியும் ஐந்து வெள்ளியும் பாலிமர், சூடு பட்டால் சுருங்கிவிடும். மடிப்பு போகட்டும் என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள்.

படி 5: விலை

கசங்கிய இசட் ஒரு வெள்ளியின் மதிப்பு பெரும்பாலும் ஒரு வெள்ளிதான். செலவழியுங்கள், மொடமொடப்பானதை மட்டும் வையுங்கள். இணையத்தில் யாரோ கேட்கும் விலையை நம்பாதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய நோட்டு விரித்திருப்பவர்களிடம் நாலு வார்த்தை பேசினாலே நிலவரம் புரிந்துவிடும். பேச்சு சுவாரஸ்யத்தில் வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, வீட்டில் சொல்லி வையுங்கள். ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் என் அம்மா தட்டில் போட்டது, நான் மேசைமேல் வைத்திருந்த புத்தம் புது இசட் நோட்டு. "புதுசா இருந்துச்சேன்னு சாமிக்குப் போட்டேன்ப்பா" என்றார். இப்போதெல்லாம் தைப்பூசத்துக்கு முன்பே அம்மாவுக்கென்று தனியாக ஒரு புதுக் கட்டு வாங்கி வைத்துவிடுகிறேன். கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை விசிறிப் பார்த்துவிட்டுத்தான்.