ஃபார்வர்டாக ஆடியவர் சிறுவர் பயிற்சியகம் தொடங்கினால்

ரஷ்யக் கால்பந்து ஃபார்வர்டு (முன்வரிசையில் நின்று கோல் போடுகிறவர்) இகோர் கோலிவானோவ் 1991-ல் டைனமோ மாஸ்கோவுக்கு 18 கோல் போட்டு, சோவியத் லீகில் அந்த ஆண்டு அதிக கோல் அடித்தவர். பிறகு இத்தாலியில் ஃபோஜா, போலோன்யா அணிகளுக்கு ஆடினார். 2006-ல் அவர் பயிற்சியில்தான் ரஷ்யப் பையன்கள் 17 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையை வென்றார்கள். இறுதி ஆட்டம் 2-2, பெனால்டியில் செக் அணியை 5-3 என்று தோற்கடித்தார்கள். ஆடத் தெரிந்த எல்லோருக்கும் இந்த இரண்டாவது வேலை வாய்ப்பதில்லை. குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, நீரோடி, கேரள எல்லை தாண்டினால் பொழியூர் என்று பந்துகளி ஊறிய இந்தக் கரையில், ஆடி ஓய்ந்து பயிற்சியகம் தொடங்குகிறவர்கள் சறுக்கும் இடம் பையன்களைத் தேர்ந்தெடுப்பதுதான்.

முன்னாள் ஃபார்வர்டின் கண் கோல் போட்டவன் மேலேயே நிற்கும். பன்னிரண்டு வயதில் கோல் போடுகிறவன் பெரும்பாலும் உடம்பு முந்தி வளர்ந்தவன். ஜனவரி 1 கணக்கில் வயதுப்பிரிவு வைத்தால் ஜனவரிப் பிள்ளைக்கும் டிசம்பர்ப் பிள்ளைக்கும் பதினோரு மாத வித்தியாசம். ஆகவே பதிவேட்டில் பெயருக்கு அடுத்து பிறந்த மாதத்தை எழுதுங்கள். தேர்வு முடிந்ததும் எண்ணிப் பாருங்கள்: பாதிக்கு மேல் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் என்றால், நீங்கள் எடுத்தது திறமையை அல்ல, உயரத்தை. விட்டுப்போனவர்களை மறுபடி கூப்பிட்டு, உயரம் ஒத்தவர்களோடு ஆடவிட்டுப் பாருங்கள்.

கோல் அடிக்கும் பயிற்சியில் வரிசைதான் எதிரி. இருபது பேர் ஒரே வரிசையில் நின்று, ஒரு அடிக்கு 15 நொடி ஆனால், 20 நிமிடத்தில் ஒருவனுக்குக் கிடைப்பது நான்கே அடி. நான்கு பேர் வீதம் ஐந்து இடமாகப் பிரித்து, இடத்துக்கு ஒரு சிறு கோல், நான்கு பந்து கொடுத்தால் அதே நேரத்தில் இருபது அடி. கோல் போஸ்ட் இல்லையா, இரண்டு செங்கல் போதும். அடுத்த 30 நிமிடம் 30-க்கு 20 மீட்டர் இடத்தில் நாலுக்கு நாலு ஆட்டம். இதில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. கோல் போடாமலே கோலுக்கு வழி திறக்கிறவன் இங்கேதான் கண்ணில் படுவான்; அவன் பெயரைக் குறித்து வையுங்கள்.

கடப்புற மணல் காலுக்கு வலு தரும், பந்துக்கு வேகம் தராது. மணலிலேயே பழகியவன் பந்தைத் தூக்கித் தூக்கியே கொடுப்பான். புல்தரையில் இறங்கினால் அந்தப் பாஸ் எல்லை தாண்டிப் போகும். வாரத்தில் இரண்டு நாள் நனைந்த மணல், மூன்று நாள் கெட்டித் தரை என்று வையுங்கள். இடவப்பாதியில் (தென்மேற்குப் பருவமழையில்) கடல் ஏறும் மாதங்களில் தரை மட்டும்தான். எட்டு வயதுக்குக் கீழே 3-ம் எண் பந்து, பன்னிரண்டு வரை 4, பிறகு 5. மணலில் ஆடிய பந்தை அன்றே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு தையலைத் தின்றுவிடும்.

மாதம் ஒருமுறை உயரம் அளந்து எழுதுங்கள். திடீரென்று வளரும் பையனுக்கு முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும். அதைச் சோம்பல் என்று திட்டி ஓட வைப்பது கொடுமை. குதித்தல், ஓங்கி அடித்தல் இரண்டையும் நிறுத்திவிட்டு, பாஸ் மட்டும் கொடுங்கள். வலி குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) சீசனில் பதினாறு வயதுக்காரனைக் காசுக்குக் கூப்பிடுவார்கள். அப்பா ஆழ்கடலில் இருக்கும் வீட்டில் அந்தக் காசு பெரிசு, அதனால் தடை போட்டால் பையன் சொல்லாமல் போவான். அம்மாவிடம் பேசி, வாரத்துக்கு ஒரே ஆட்டம், மறுநாள் முழு ஓய்வு என்று முடிவு செய்து, அதையும் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.